எஃப்2 அழுத்தாமல் பயாஸை மாற்றுவது

பவர் பொத்தானை அழுத்தியதும் திரையில் நிறுவனத்தின் சின்னம் தெரிகிற ஓரிரு நொடிக்குள் எஃப்2-வையோ எஃப்10-ஐயோ டெலீட்டையோ தட்டினால்தான் பயாஸ் திரை திறக்கும். தவறவிட்டால் விண்டோஸ் ஏறிவிடும்; மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும். வீட்டில் ஒரே ஒரு கணினி வைத்திருப்பவருக்கு இது பெரிய தொல்லையில்லை. ஒரு கல்லூரி ஆய்வகத்தில் அறுபது கணினிகளைப் பார்த்துக்கொள்பவரின் நிலை வேறு. மின்சாரம் போய்த் திரும்பினால் கணினி தானாக எழ வேண்டுமா, அணைந்தே கிடக்க வேண்டுமா என்கிற ஒரே ஒரு அமைப்பை எல்லாவற்றிலும் மாற்றச் சொன்னால், அவர் அறுபது இருக்கையிலும் உட்கார்ந்து, மெனு மெனுவாக இறங்கி, மாற்றி, சேமித்து எழுந்திருக்க வேண்டும். நடுவில் ஏதோ ஒன்றில் கை தவறி, பக்கத்து வரியில் எண்டர் விழுந்திருந்தால் அது யாருக்கும் தெரியாது. செய்தது எது, செய்யாதது எது என்பதற்கு ஒரு தடயமும் மிஞ்சாது. போகிற நேரத்தைவிட எனக்கு உறுத்துவது இதுதான்.

விண்டோஸ் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ஒரு வரிக் கட்டளையால் இதே வேலையைச் செய்துவிடலாம். டெல், எச்பி, லெனோவோ மூன்றும் தங்கள் அலுவலக வகைக் கணினிகளுக்கு இந்த வசதியைப் பல ஆண்டுகளாக, தனிக் கட்டணம் இல்லாமல் தருகின்றன. கணினியோடு சேர்த்து நாம் வாங்கிவிட்ட ஒன்றைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுகிறோம் என்பது என் வருத்தம்.

இது புதுமை என்றும் சொல்ல முடியாது. 1981-இல் வந்த ஐபிஎம் பிசியில் அமைப்புத் திரையே கிடையாது. எவ்வளவு நினைவகம், எத்தனை ஃப்ளாப்பி டிரைவ், எந்த வகை மானிட்டர் என்பதையெல்லாம் மதர்போர்டில் இருந்த சின்னஞ்சிறு டிப் சுவிட்சுகளைத் தள்ளித்தான் சொல்ல வேண்டும். 1984-இல் வந்த ஐபிஎம் ஏடி, மோட்டோரோலாவின் எம்சி146818 என்கிற கடிகாரச் சிப்பைப் பயன்படுத்தியது. அந்தச் சிப்புக்குள் 64 பைட் சிமாஸ் நினைவகம் இருந்தது. கடிகாரத்துக்கும் அதன் கட்டுப்பாட்டுக்கும் 14 பைட் போக, மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்புகளை எழுதி வைத்தார்கள். கணினி அணைந்தாலும் அழியாமல் இருக்க ஒரு பேட்டரி. இன்றும் மெக்கானிக்குகள் ‘சிமாஸ் பேட்டரி’ என்று சொல்வது அந்த நாளின் மிச்சம்தான். அமைப்பை மாற்றுகிற நிரல்கூட அப்போது பயாஸுக்குள் இல்லை. தனி ஃப்ளாப்பியில் வந்தது. அதாவது வெளியிலிருந்து ஒரு நிரலை ஓட்டி அமைப்பை மாற்றுவதுதான் மூத்த முறை. தொடங்கும்போது விசை அழுத்தி உள்ளே போகிற திரை பிறகு வந்தது.

அந்த 50 பைட்டை எட்டுவதற்கு இரண்டே வாசல்கள். பதினாறடிமான எண்ணில் 70, 71 என்கிற இரண்டு போர்ட்டுகள். எந்த பைட் வேண்டும் என்பதை 70-க்கு எழுத வேண்டும்; 71-இல் அதைப் படிக்கலாம் அல்லது மாற்றலாம். டாஸ் காலத்து ஆட்களுக்கு இதில் ஒரு வித்தை தெரியும். பயாஸ் தன் அமைப்பு பைட்டுகளைக் கூட்டி, அந்தத் தொகையையும் அங்கேயே ஒரு மூலையில் எழுதி வைத்திருக்கும். டாஸோடு வந்த டீபக் நிரலைத் திறந்து, அந்தத் தொகை இருக்கிற இடத்தில் இரண்டே வரியில் ஒரு தவறான எண்ணை எழுதிவிட்டால் போதும். அடுத்த முறை கணினி தொடங்கும்போது கூட்டல் பொருந்தாது. சேமித்ததெல்லாம் கெட்டுவிட்டது என்று பயாஸ் முடிவு செய்து, ஆலையில் இருந்து வந்தபோதிருந்த நிலைக்குத் திரும்பிவிடும். மறந்துபோன பயாஸ் கடவுச்சொல்லும் அதோடு போய்விடும். கட்டளை வரியால் பயாஸை மாற்றுவதன் பழைய வடிவம் இது. எவ்வளவு எளிது, எவ்வளவு காவலற்றது என்று பாருங்கள்.

இன்றைய கணினிகளில் அமைப்புகள் பெரும்பாலும் ஃபர்ம்வேர், அதாவது பயாஸ் நிரல், இருக்கிற ஃப்ளாஷ் சிப்பிலேயே ஒரு பகுதியில் சேமிக்கப்படுகின்றன. கண்ட நிரலும் அதில் எழுத முடியாது. எழுத விட்டால் என்ன ஆகும் என்பதை 1999 ஏப்ரல் 26 உலகத்துக்குக் காட்டியது. தைவானில் சென் இங்-ஹவ் எழுதிய சிஐஎச் வைரஸ் அன்று விழித்துக்கொண்டு, ஹார்ட் டிஸ்கை அழித்ததோடு நில்லாமல், இடம் கிடைத்த கணினிகளில் பயாஸ் சிப்பிலேயே குப்பையை எழுதியது. அப்படி அடிபட்ட மதர்போர்டைச் சிப்பை மாற்றாமல் எழுப்ப முடியவில்லை.

ஆகவே இப்போது எழுதுகிற உரிமை ஃபர்ம்வேரிடம் மட்டும் இருக்கிறது. நாம் ஓட்டுகிற கட்டளை அதனிடம் கேட்டுக்கொள்ளத்தான் முடியும். பதிவு அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கவுண்ட்டரில் நீட்டுகிறோம், உள்ளே இருப்பவர் சரிபார்த்துப் பதிவேட்டில் எழுதுகிறார், பதிவேட்டில் நாம் கை வைப்பதில்லை, அதே ஏற்பாடு. கணினியில் அந்த உள்ளறைக்கு சிஸ்டம் மேனேஜ்மென்ட் மோட் என்று பெயர். 1990-இல் இன்டெல் தன் 386எஸ்எல் பிராசஸரில் கொண்டுவந்தது. குறிப்பிட்ட ஒரு போர்ட்டில் ஒரு எண்ணை எழுதினால் சிறப்புக் குறுக்கீடு ஒன்று எழும். பிராசஸர் அந்த நொடியில் செய்துகொண்டிருந்ததை அப்படியே எடுத்து வைத்துவிட்டு, இயங்குதளத்தின் கண்ணுக்கே படாத ஒரு நினைவகப் பகுதிக்குத் தாவும். அங்கே ஃபர்ம்வேர் கோரிக்கையைப் படிக்கும், கடவுச்சொல்லைச் சரிபார்க்கும், ஃப்ளாஷில் எழுதும், திரும்பும். நடுவில் தான் நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது விண்டோஸுக்குத் தெரியவே தெரியாது.

டெல் கணினிகளில் இந்தக் கோரிக்கையின் வடிவம் அழகானது. கணினி தன்னைப் பற்றிய விவரங்களை வைத்திருக்கிற எஸ்எம்பயாஸ் அட்டவணையிலேயே, மாற்றக்கூடிய ஒவ்வொரு அமைப்புக்கும் டோக்கன்கள் பட்டியலிடப்பட்டிருக்கும். ஒவ்வொரு டோக்கனும் ஆறு பைட்: டோக்கனின் எண், அது குறிக்கிற இடம், அங்கே இருக்க வேண்டிய மதிப்பு. ஒரே அமைப்பின் ‘ஆன்’ ஒரு டோக்கன், ‘ஆஃப்’ இன்னொரு டோக்கன். இரண்டும் ஒரே இடத்தைக் காட்டும், மதிப்பு மட்டும் வேறு. என்னென்ன மாற்ற முடியும் என்பதைக் கணினியே எழுதிக் கையில் கொடுத்துவிடுவதால், ஒரே கருவி பல மாடல்களில் ஓடுகிறது. அந்த மாடலில் இல்லாத அமைப்பைக் கேட்டால், இல்லை என்று சொல்லிவிடும்.

அந்தக் கருவியின் பெயர் டெல் கமாண்ட் கன்ஃபிகர். கட்டளையாக எழுதும்போது சிசிடிகே. கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையோடு திறந்து, சிசிடிகே என்று எழுதி, இடம் விட்டு, இரண்டு சிறுகோடு போட்டு, அமைப்பின் பெயரை மட்டும் கொடுத்தால் இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று சொல்லும். பெயருக்கு அடுத்து சமக்குறியும் மதிப்பும் சேர்த்தால் மாற்றிவிடும். அவ்வளவுதான் இலக்கணம். லினக்ஸிலும் இதே கருவி, இதே பெயர்கள்.

ஆய்வகத்து உதாரணத்தையே எடுத்துக்கொள்வோம். மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்கிற அமைப்புக்கு மூன்று மதிப்புகள்: ஆன், ஆஃப், லாஸ்ட். லாஸ்ட் என்றால் மின்சாரம் போன நேரத்தில் இருந்த நிலைக்கே திரும்பு என்று பொருள். அறுபதிலும் ஆன் வைத்தால், மின்சாரம் வந்த நொடியில் அத்தனை கணினிகளும் சேர்ந்து எழுந்து யுபிஎஸ்ஸைத் திணறடிக்கலாம். ஆஃப் வைத்துவிட்டு, ஆட்டோ ஆன் என்கிற இன்னொரு அமைப்பால் ஒவ்வொரு வரிசையையும் ஐந்து நிமிட இடைவெளியில் காலையில் எழுப்புவது மேல். எந்தெந்த நாளில், எத்தனை மணி, எத்தனை நிமிடம் என்று மூன்று கட்டளைகள். எஃப்2 திரையில் இப்படி வரிசைக்கு வரிசை நிமிடம் மாற்றிக் கொடுக்க யாருக்கும் பொறுமை வராது. ஸ்கிரிப்டில் அது ஒரு கணக்கு.

இங்கே ஒரு நுட்பம் இருக்கிறது. சாயங்காலம் ஆய்வகத்தைப் பூட்டும்போது மெயின் சுவிட்சையும் அணைத்துவிட்டுப் போகிற வழக்கம் இருந்தால், ஆட்டோ ஆன் வேலை செய்யாது. கடிகாரம் மதர்போர்டில் இருக்கிற 3 வோல்ட் பொத்தான் பேட்டரியில் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குறித்த நேரம் வந்ததையும் அது அறியும். ஆனால் கணினியைத் தட்டி எழுப்ப, எஸ்எம்பிஎஸ் அணைந்த நிலையிலும் கொடுத்துக்கொண்டிருக்கிற 5 வோல்ட் காத்திருப்பு மின்சாரம் வேண்டும். நெட்வொர்க் வழியாக எழுப்புகிற வேக் ஆன் லேனுக்கும் அதேதான் தேவை. டெல்லில் அதற்கு இன்னொரு கண்ணியும் உண்டு. டீப் ஸ்லீப் என்கிற மின்சேமிப்பு அமைப்பு இயங்கிக்கொண்டிருந்தால், அணைந்த கணினியில் நெட்வொர்க் கார்டுக்கும் மின்சாரம் போகாது. வேக் ஆன் லேனை மட்டும் இயக்கிவிட்டு, ஏன் எழவில்லை என்று குழம்புகிறவர்கள் பெரும்பாலும் பார்க்க வேண்டியது டீப் ஸ்லீப்பைத்தான்.

கட்டளை வரியின் முழுப் பயனும் தெரிய வேண்டுமானால், எச்பியின் பயாஸ் கன்ஃபிகரேஷன் யுடிலிட்டியைப் பார்க்க வேண்டும். ‘கெட்’ என்று கோப்புப் பெயரோடு சொன்னால், கணினியின் எல்லா பயாஸ் அமைப்புகளையும் ஒரு சாதாரண உரைக் கோப்பில் எழுதித் தந்துவிடும். அமைப்பின் பெயர் இடது ஓரத்தில். அதன் கீழே டேப் இடைவெளி விட்டு, சாத்தியமான மதிப்புகள் வரிசையாக. இப்போது எது நடப்பில் இருக்கிறதோ அதன் முன்னால் ஒரு நட்சத்திரக் குறி. மாற்ற வேண்டுமென்றால் நோட்பேடில் திறந்து, நட்சத்திரத்தை ஒரு வரியிலிருந்து அழித்து இன்னொரு வரியில் போட்டு, சேமித்து, ‘செட்’ என்று சொல்லித் திருப்பிக் கொடுத்தால் போதும். மாற்றாத அமைப்புகளைக் கோப்பிலிருந்து நீக்கிவிட்டு, வேண்டிய மூன்று நான்கை மட்டும் விட்டு வைக்கலாம். அதுவே நல்லது.

கணினியின் அடிமட்டத்தில் இருப்பது இப்படி எழுத்தாகக் கைக்கு வந்துவிட்டால் அடுத்ததெல்லாம் எளிது. சரியாக வேலை செய்கிற ஒரு கணினியின் கோப்பையும் அடம் பிடிக்கிற கணினியின் கோப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், எந்த வரி வேறுபடுகிறது என்று ஒரு நொடியில் தெரியும். மதர்போர்டு மாற்றிய பிறகு பழைய கோப்பை ஊட்டினால் பழைய நிலை திரும்பும். யார், என்று, எதை மாற்றினார்கள் என்று கோப்புகளுக்குத் தேதியிட்டு வைக்கலாம். திரையில் பார்த்து நினைவில் வைத்துக்கொள்கிற முறையில் இவை எதுவுமே முடியாது. நான் இந்த முறையை விரும்புவதற்கு வேகத்தைவிடப் பெரிய காரணம் இதுதான்.

2021-இல் விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும், துவக்க நிரலின் கையொப்பத்தைச் சரிபார்க்கிற செக்யூர் பூட் வசதியும் கட்டாயம் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்தபோது பல அலுவலகங்கள் திண்டாடின. டிபிஎம் உள்ளே இருந்தும் பல கணினிகளில் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. பழைய லெகசி முறையில் விண்டோஸ் நிறுவப்பட்டவையும் ஏராளம். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடியும் என்று தெரிந்த பிறகு, ஆயிரக்கணக்கான கணினிகளை வைத்திருக்கிற நிறுவனங்கள் இருக்கை இருக்கையாகப் போய் எஃப்2 அழுத்துவது நடக்கிற காரியமா?

ஆனால் லெகசியிலிருந்து புதிய துவக்க முறையான யூஇஎஃப்ஐ-க்கு மாறும்போது வரிசை தவறக் கூடாது. முதலில் எம்பிஆர்2ஜிபிடி என்கிற விண்டோஸ் கருவியால் டிஸ்கின் பிரிவு அட்டவணையை, உள்ளே இருப்பது அழியாமல், புதிய வகைக்கு மாற்ற வேண்டும். பிறகுதான் யூஇஎஃப்ஐ முறைக்கு மாறச் சொல்லி பயாஸுக்குக் கட்டளை. அதற்கும் பிறகு செக்யூர் பூட். டிஸ்கை மாற்றாமல் யூஇஎஃப்ஐ-க்குத் தாவினால், அடுத்த தொடக்கத்தில் துவக்க டிஸ்கே இல்லை என்று நிற்கும். பழைய டெல் கணினிகளில் டிபிஎம் இயக்குவது இன்னும் படிப்படியானது. பயாஸ் கடவுச்சொல் ஒன்று வைத்திருந்தால்தான் டிபிஎம்மைத் தொட விடும். முதலில் ஆன் செய்ய வேண்டும், மறுதொடக்கம், பிறகு ஆக்டிவேட், மீண்டும் மறுதொடக்கம். இரண்டையும் ஒரே மூச்சில் அனுப்பினால் இரண்டாவது கட்டளை மறுக்கப்படும்.

டிஸ்கைக் குறியாக்கம் செய்து பூட்டுகிற பிட்லாக்கர் இயங்குகிற கணினி என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஒவ்வொரு தொடக்கத்திலும் ஃபர்ம்வேர், துவக்க நிரல், செக்யூர் பூட் ஆகியவற்றின் நிலை அளக்கப்பட்டு டிபிஎம்மில் பதிவாகிறது. அந்த அளவுகள் பழையபடி இருந்தால்தான் டிஸ்கின் சாவியை டிபிஎம் விடுவிக்கும். செக்யூர் பூட் போன்ற ஒன்றை மாற்றினால் அளவு மாறிவிடும். கணினி நீலத் திரையில் 48 இலக்க மீட்புச் சாவியைக் கேட்டு நிற்கும். ஒரு கணினியில் நடந்தால் அரை மணி நேரத் தலைவலி. ஸ்கிரிப்ட் மூலம் முன்னூறு கணினிகளில் ஒரே இரவில் நடந்தால் மறுநாள் அலுவலகமே இல்லை. பயாஸ் கட்டளைக்கு முந்தைய வரியில், ஒரே ஒரு மறுதொடக்கத்துக்கு மட்டும் பிட்லாக்கரை இடைநிறுத்தி வைக்கிற கட்டளையை எழுதிவிட்டால் இந்தத் தொல்லை வராது. இதே போல டிஸ்க் கட்டுப்பாட்டு முறையை ரெய்டிலிருந்து ஏஎச்சிஐ-க்கு மாற்றுவதும் ஒரு சிறிய வரிதான். விண்டோஸைத் தயார்படுத்தாமல் மாற்றினால் துவக்க டிஸ்கை அணுக முடியவில்லை என்று விழுந்துவிடும்.

ஃபர்ம்வேரும் தான் கேட்டதையெல்லாம் நம்பிவிடக் கூடாது என்பதை லினக்ஸ் உலகம் கசப்பாகக் கற்றது. யூஇஎஃப்ஐ தன் மாறிகளை ஃப்ளாஷில் வைத்திருக்கிறது. லினக்ஸ் அவற்றைச் சாதாரணக் கோப்புகளைப் போல ஒரு கோப்புறையில் காட்டும். 2016-இல், டிஸ்கில் இருப்பதையெல்லாம் அழிக்கிற கட்டளையை ஒருவர் தெரிந்தே ஓட்டினார்; எப்படியும் மறுபடி நிறுவப்போகிற கணினி அது. அந்தக் கோப்புறையும் சேர்ந்து அழிந்தது. தனக்கு வேண்டிய மாறிகள் காணாமல் போனதைத் தாங்கத் தெரியாத ஃபர்ம்வேர் அதோடு எழவே இல்லை, மடிக்கணினி செங்கல்லானது. குறை ஃபர்ம்வேருடையது என்றாலும், லினக்ஸ் கெர்னல் 4.5 பதிப்பிலிருந்து, பாதுகாப்பானவை என்று அறியப்பட்ட சில மாறிகளைத் தவிர மற்றவற்றை யாரும் தற்செயலாக அழிக்க முடியாதபடி பூட்டி வைத்தார்கள்.

சில கதவுகளைக் கட்டளைக்குத் திறக்கவே கூடாது என்கிற முடிவும் உண்டு. விண்டோஸ் 8 காலத்தில் மைக்ரோசாஃப்ட் வகுத்த வன்பொருள் சான்றிதழ் விதிகள், சாதாரண பிசிக்களில் செக்யூர் பூட்டை அணைக்க, கணினி முன்னால் இருக்கிற பயனருக்கு வழி இருக்க வேண்டும் என்றன. நிரல் மூலமாக அணைக்க முடியவே கூடாது என்றும் சொல்லின. இது நியாயமான விதி. அட்மினிஸ்ட்ரேட்டர் உரிமையைத் திருடிய வைரஸ் முதலில் செய்ய விரும்புவது அதுவாகத்தான் இருக்கும்.

அதே காரணத்தால்தான் பயாஸ் கடவுச்சொல் இல்லாமல் இந்தக் கருவிகளைப் பயன்படுத்துவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். கடவுச்சொல்லைக் கட்டளையிலேயே எழுதினால் அது ஸ்கிரிப்டிலும் பதிவுகளிலும் வெட்டவெளிச்சமாகக் கிடக்கும். எச்பி அதைக் குறியாக்கம் செய்து ஒரு சிறு கோப்பாக்கித் தர தனி நிரல் வைத்திருக்கிறது. லெனோவோவில் கடவுச்சொல்லோடு அதன் குறியீட்டு முறையையும் கீபோர்டின் மொழியையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஏனென்றால் கடவுச்சொல் வைத்தபோது ஃபர்ம்வேர் பார்த்தது எழுத்தை அல்ல, அழுத்திய விசையை. லெனோவோவில் புதியவர்கள் வழுக்குகிற இன்னொரு இடம்: அமைப்பை மாற்றச் சொல்வது ஒரு அழைப்பு, சேமிக்கச் சொல்வது வேறொரு அழைப்பு. இரண்டாவதை விட்டால், முதலாவது வெற்றி என்று பதில் வந்திருந்தாலும் மறுதொடக்கத்தில் ஒன்றும் மாறியிருக்காது.

மூவருக்கும் மூன்று கருவிகள், மூன்று இலக்கணங்கள் என்பது தொல்லைதான். லினக்ஸில் இது சரியாகி வருகிறது. 2021-இல் வந்த கெர்னல் 5.11-இல் டெல்லுக்காக ஒரு பொது அமைப்பு முறை சேர்ந்தது; பின்னால் லெனோவோவும் எச்பியும் அதில் இணைந்தன. ஒவ்வொரு பயாஸ் அமைப்பும் ஒரு கோப்புறை. அதற்குள் இப்போதைய மதிப்பு ஒரு கோப்பு, சாத்தியமான மதிப்புகள் ஒரு கோப்பு, மறுதொடக்கம் தேவையா என்பதைச் சொல்ல வெளியே ஒரு கோப்பு. எந்த நிறுவனத்தின் கணினியானாலும் ஒரே மாதிரி படிக்கலாம்.

ஒரே பெயர்ப்பலகையின் கீழ் விற்கப்படுகிற வீட்டு உபயோக மாடல்கள் பலவற்றில் இந்த வசதி குறைவு அல்லது இல்லவே இல்லை. விலையைப் பார்த்து அவற்றை வாங்கி ஆய்வகத்தில் அடுக்கிவிட்டால் பிறகு ஒன்றும் செய்ய முடியாது. கொள்முதல் டெண்டரில் ரேம் எவ்வளவு, டிஸ்க் எவ்வளவு என்று பக்கம் பக்கமாக எழுதுகிறோம். பயாஸ் அமைப்புகளை இயங்குதளத்திலிருந்து கட்டளையால் படிக்கவும் மாற்றவும் முடிய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். பார்வைக்கு மாதிரிக் கணினி வரும்போது கருவியை நிறுவி, எல்லா அமைப்புகளையும் கோப்பில் எழுதச் சொல்லுங்கள். மின்சாரம் திரும்பினால் என்ன, வேக் ஆன் லேன், டிபிஎம், துவக்க வரிசை, இந்த நான்கும் அந்தக் கோப்பில் இருக்கின்றனவா என்று தேடிப் பார்த்த பிறகு ஆர்டரில் கையெழுத்துப் போடலாம்.